சங்கராபரணிக் கரைவரை: மாரடைப்புக்குப் பின் முதல் வெளிநடை

மாரடைப்புக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் அனைவரிடமும் நாள்தோறும் நடக்குமாறு சொல்கிறோம். அடுத்த முறை அவர்கள் பரிசோதனைக்கு வரும்போது, உடன் வரும் மனைவியோ மகனோ கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கே நடப்பது, எவ்வளவு நடப்பது?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழ்வோருக்கு நடைப்பயிற்சி என்றதும் நினைவுக்கு வருபவை புதுச்சேரியின் கடற்கரைச் சாலையும், ஆயி மண்டபம் அமைந்த பாரதி பூங்காவும். இரண்டும் நல்ல இடங்களே. ஆனால் சிகிச்சை முடிந்த இரண்டாம் வாரத்தில் நெரிசல் மிகுந்த பேருந்தில் நின்றுகொண்டே நகரம் சென்று வருவது, அங்கே நடக்கும் நடையைவிடவும் கடினமானது. அருகிலேயே ஆறும் ஏரியும் இருக்க, நகரத்துக்கு ஏன் செல்லவேண்டும்?

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து, வில்லியனூரை ஒட்டிச் செல்லும் சங்கராபரணியை வராக நதி என்றும் அழைப்பர். திருக்காஞ்சியில் கங்கைவராக நதீஸ்வரர் கோயிலை ஒட்டி அதற்குப் படித்துறை உண்டு. 2023ஆம் ஆண்டு புஷ்கர விழாவின்போது பெருங்கூட்டம் அங்கே நீராடியது. நம்மில் பலர் அமாவாசைத் தர்ப்பணத்துக்கும் மாசிமகத்துக்கும் மட்டுமே அங்கே செல்கிறோம். நோயிலிருந்து மீள்வோர் அந்த நாள்களைத் தவிர்த்து, கூட்டமில்லாத மாலைகளில் செல்லலாம். பாகூர்ப் பக்கத்தவர்க்கு அவர்களுடைய ஏரிக்கரை இருக்கிறது. வில்லியனூருக்கு வடக்கே உள்ளோர்க்கு, 2008ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரி உள்ளது. பனிக்காலத்தில் வலசை வரும் பறவைகளைக் காண்பதற்காகவே அங்கே சற்று நேரம் உட்காரலாம்.

நடையின் பயன் இன்று கண்டறியப்பட்டதன்று. லண்டன் மாநகரின் இரட்டைமாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்ததை ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் 1953இல் வெளியிட்டார். 1984இல் ரோஜர் உல்ரிக் வெளியிட்ட மற்றோர் ஆய்வு சிறியது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரைப் பற்றியது. சன்னலுக்கு வெளியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். வலிநீக்கும் கடுமருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆற்றைப் பார்த்தால் அடைப்பு நீங்கிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. மாத்திரையின் வேலையை மாத்திரைதான் செய்யும்.

நான் அஞ்சுவது நடையினால் வரும் கேட்டைவிட, நடக்காமையினால் வரும் கேட்டையே. ஸ்டென்ட் பொருத்தப்பட்ட விவசாயி ஒருவரை அவர் வீட்டார் ஒரு மாதம் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. குடிநீரும் கைக்கே வந்தது. நிலையைத் தாண்டித் திண்ணைக்கு வந்தாலே மூச்சு வாங்குகிறது என்று அழைத்துவந்தனர். எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாகவே இயங்கியது. இளைத்திருந்தவை அவருடைய தொடைத் தசைகள். தம் நிலத்தை இனிப் பார்க்கவே முடியாது என்று அவர் முடிவு செய்திருந்தார். குத்தகைக்கு விடுவதற்குப் பேச்சும் தொடங்கியிருந்தது. ஏரிக்கரையில் ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுவரை, மனைவியின் துணையோடு நடக்கச் சொன்னோம். மூன்றாம் மாதத்தில் வரப்பில் நின்று நாற்று நடுவதை மேற்பார்த்தார். குத்தகைப் பேச்சு நின்றுபோயிற்று.

சிக்கலின்றி வீடு திரும்பியவர் சமதளத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் நடந்து தொடங்கலாம். சில நாள்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டி, சில வாரங்களில் அரைமணி நேரத்தை எட்டினால் போதும். நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டு நடக்கவேண்டாம். உங்களில் பலர் உட்கொள்ளும் பீட்டா தடுப்பு மாத்திரைகள் துடிப்பை உயரவிடாமல் பிடித்துவைப்பதால் அந்த எண் ஏமாற்றும். உடன் வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி. படித்துறையில் இறங்குவது எளிது. ஏறுவதுதான் இதயத்துக்கு வேலை. முதல் வாரங்களில் மேற்படியிலேயே அமருங்கள்.

நெஞ்சு இறுகினால் உடனே உட்கார்ந்து, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை வைத்துக்கொள்ளுங்கள். நின்றபடி வைத்தால் தலைசுற்றி விழ நேரும். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள். வீட்டுக்குத் திரும்பி ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று காத்திராதீர்கள். ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, சில நாள்களுக்குள் எடை இரண்டு கிலோ ஏறினாலோ அன்று செல்லவேண்டிய இடம் ஆற்றங்கரையன்று, மருத்துவமனை.

நீரிழிவும் சேர்ந்திருப்போர்க்குத் தனியாக ஒன்று. கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பகலில் கருங்கல் தளத்தில் நடந்து, உள்ளங்கால் கொப்பளித்ததைக்கூட உணராமல் வீடு வந்து சேருவோரை ஒவ்வொரு கோடையிலும் காண்கிறோம். உணர்ச்சி மழுங்கிய காலுக்குச் சுடுகல் தெரியாது. தடித்த பருத்திக் காலுறை அணிந்து, வெயில் தாழ்ந்த பின் செல்லுங்கள். இரவில் வீட்டார் ஒருவர் உள்ளங்காலைப் பார்க்கட்டும்.

பைபாஸ் செய்துகொண்டவர்களின் நெஞ்செலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ 8 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை கரைக்குச் செல்ல இருசக்கர வண்டியின் பின்னிருக்கை வேண்டாம். பேரக்குழந்தையைத் தூக்கவும் வேண்டாம். நீராடுவதை யாவரும் தள்ளிவைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகியிருக்கும் நாள்களில் கரைக்கே செல்லாதீர்கள். வீட்டு முற்றம் போதும்.

உடனிருப்போர் கையைப் பிடித்து இழுத்துச் செல்லாமல் பக்கத்தில் நடந்து வாருங்கள். மருத்துவமனை தந்த சிகிச்சைச் சுருக்கத்தின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, எங்கிருந்து எங்குவரை நடந்தார், எந்த இடத்தில் நின்றார் என்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். மாத்திரையின் அளவை மாற்றலாமா என்று முடிவு செய்ய அந்தத் தாள் எங்களுக்குப் பெரிதும் பயன்படும்.