பட்டாசுத் தீக்காயம்: ஆலை வாசலிலேயே தொடங்கும் சிகிச்சை

சிவகாசி, சாத்தூர் பக்கம் வெடிவிபத்து என்றால் இறந்தவர் எண்ணிக்கையோடு செய்தி முடிந்துவிடுகிறது. பிழைத்தவரின் கை மடங்குகிறதா, கழுத்து திரும்புகிறதா என்று பிறகு யாரும் கேட்பதில்லை. பட்டாசுக்கான மணிமருந்தைக் கையாளும்போது உராய்வில் பற்றும் நெருப்பு பெரும்பாலும் முகத்தையும் கழுத்தையும் கைகளையும்தான் பிடிக்கிறது. அந்தக் கைகளை நம்பித்தான் குடும்பம் நடக்கிறது. அவற்றைக் காப்பாற்ற வழி உண்டு.

முதல் 20 நிமிடம்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. உதவிக்கு ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும். ஆகவே மறுபடி வெடிக்கக்கூடிய இடத்துக்குள் நுழையாதீர்கள். காயம்பட்டவர் வெளியே வந்ததும் 108-ஐ அழைக்க ஒருவரை விட்டுவிட்டு, மற்றவர் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

மருந்துத் தூள் படிந்த உடையைக் கழற்றுங்கள். உலர்ந்த தூளைத் தட்டிவிட்டு, காயத்தின்மீது சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. வளையல், மோதிரம், மெட்டியை உடனே கழற்ற வேண்டும். வீங்கிய பிறகு அவை ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். ஐஸ், பற்பசை, பேனா மை, மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி, உடம்பின் மற்ற பகுதி குளிராதபடி போர்த்துங்கள்.

எத்தனை மணிக்குச் சுட்டது?

மருத்துவமனையில் இந்தக் கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்லுங்கள். தீக்காயத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டுக் கசிந்து வெளியேறுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு உடம்பில் 40 விழுக்காடு வெந்திருந்தால், முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 5 முதல் 10 லிட்டர் வரை ரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் காயம் பட்ட நொடியிலிருந்து எண்ணப்படுகிறது. மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல.

குரல் கம்மியிருந்தாலோ, மூக்கைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ, மூடிய அறைக்குள் புகையைச் சுவாசித்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கே சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடலாம்.

வீடு திரும்பிய பிறகு

நம் குடும்பங்கள் அதிகம் தவறுவது இங்கேதான். புண் ஆறும்வரை முட்டை, மீன் கூடாது என்று பத்தியம் வைத்து, கஞ்சியே கொடுக்கிறார்கள். தோல் மறுபடி வளரப் புரதம்தான் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது தழும்பு. ஆறும்போது தோல் சுருங்கி மூட்டை இழுக்கும். கையை மடக்கி வைத்தால் வலி குறைகிறது என்று நோயாளி அப்படியே கிடப்பார். அதே நிலையில் கை நிரந்தரமாக ஒட்டிப்போகும். கழுத்தில் காயம் இருந்தால் தலையணை வேண்டாம். இயன்முறைப் பயிற்சியை வலித்தாலும் மருத்துவர் சொன்னபடி தினமும் செய்ய வேண்டும். தழும்பை அழுத்திப் பிடிக்கும் இறுக்க உடையைக் கொடுத்திருந்தால், குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க, ஓராண்டோ அதற்கு மேலோ அணிய வேண்டியிருக்கும். இதை வீண்தொல்லை என்று தூக்கிப் போட்டவர்கள் பிற்பாடு மறுபடி அறுவை சிகிச்சைக்கு வருகிறார்கள்.

ஏ.ஆர். காப்பி

மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) 'பட்டாசு ஆலை வேலையில் ஏற்பட்டது' என்று பதிவாக வேண்டும். வீட்டில் அடுப்பு வெடித்தது என்று சொல்லும்படி யார் கேட்டாலும் இணங்காதீர்கள். இ.எஸ்.ஐ. உதவித்தொகைக்கும், இ.எஸ்.ஐ. இல்லாதவர் முதலாளியிடம் சட்டப்படி கேட்கும் இழப்பீட்டுக்கும் அந்தப் பதிவு முக்கியமான ஆதாரம்.

ஆலை நடத்துவோருக்கும் போர்மேன்களுக்கும் ஒரு வேண்டுகோள். காயம்பட்டவரை நிறுத்தி 20 நிமிடம் தண்ணீர் விடும்படி, மருந்து அறைகளுக்குப் பாதுகாப்பான தூரத்தில் ஒரு குழாயை இந்த வாரமே போடுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை, புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே காட்டுங்கள்.