சுவருக்குப் பின்னால் ஓர் அறை

இலண்டனைச் சேர்ந்த ராக்ஸ்டெடி நிறுவனம் உருவாக்கி, 2009 ஆகஸ்டில் வெளிவந்த ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ என்னும் வீடியோ கேமில், ரிட்லர் என்னும் விடுகதைக்காரன் விடுத்த 240 சவால்கள், கதை நிகழும் மனநலக் காப்பகத் தீவெங்கும் பரந்திருந்தன; அவற்றுள், கதை நகரத் தேவைப்படாவிட்டாலும் ஆட்டக்காரர் தேடிச் சேர்ப்பதற்கென ஒளித்துவைக்கப்பட்ட கோப்பைகள் போன்றவை சேகரிப்புப் பொருள்கள் எனப்படுகின்றன.

அந்தக் கணக்கில் சேராத ஒன்றும் அங்கிருந்தது. காப்பகத் தலைவரின் அலுவலகச் சுவரொன்றை, எந்த அடையாளமும் இல்லாத நிலையில், வெடிபசை பூசித் திரும்பத் திரும்பத் தகர்த்தால் மட்டுமே திறக்கும் இரகசிய அறையில், 2011இல் வரவிருந்த ‘ஆர்க்கம் சிட்டி’ என்னும் அடுத்த பாகத்தின் வரைபடமே மாட்டப்பட்டிருந்தது. இலங்கையின் இரத்தினபுரியில் இரத்தினக்கல் தேடிக் குழி இறங்குவோர் கல் தங்கும் சரளைப் படை கீழே இருக்கும் என்ற நம்பிக்கையோடு தோண்டுகின்றனர். இங்கோ தேட வேண்டும் என்ற எண்ணத்துக்கே இடமிருக்கவில்லை என்பதால், 2010இல் உருவாக்கியவர்களே சொல்லும் வரை அவ்வறை அறியப்படாதிருந்தது. பொறுமைமிக்க இத்தகைய கைவேலை போற்றத்தக்கது.

‘தி டார்க் நைட்’ என்னும் பேட்மேன் திரைப்படத்தை ஒட்டி ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பண்டெமிக் நிறுவனம் உருவாக்கிவந்த ஆட்டமோ, 2008இல் படம் திரைக்கு வந்த பின்னரும் நிறைவுறாமல் கைவிடப்பட்டது. பலருடைய உழைப்பு ஆட்டக்காரரைச் சென்றடையாமலே போனது பெரும் இழப்பாகும். இதற்கு மாறாக, ‘ரா.ஒன்’ என்னும் இந்தித் திரைப்படத்துக்கான ஆட்டம், 2011இல் பிளேஸ்டேஷன் கருவிகளுக்கு முறையாக வெளிவந்தது.