பெயர் பொறிக்காத சிலுவை

முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் பணியாற்றிய யூதர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அவர்களில் சுமார் 12,000 பேர் வீடு திரும்பவில்லை. திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று நியூயார்க்கிலும் லண்டனிலும் டெல் அவிவிலும் பியூனஸ் அயர்ஸிலும் வாழ்கிறார்கள். அந்த வீடுகள் சிலவற்றில், பீரோவின் அடித்தட்டில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்குள் கறுப்பாக ஒரு சிலுவை. யூத வீட்டில் சிலுவை எதற்கு என்று கேட்கத்தான் தோன்றும்.

அதன் பெயர் இரும்புச் சிலுவை. நெப்போலியனை எதிர்த்த போருக்காக பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் 1813 மார்ச் 10 அன்று ஏற்படுத்திய விருது. வடிவம் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் கார்ல் பிரீட்ரிக் ஷின்கெல். கஜானா காலியாகக் கிடந்த நேரம் அது. பெண்கள் தங்க நகையைப் போர்ச் செலவுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு இரும்பு நகை பூண்டார்கள். அதனால் இரும்பே பெருமைக்குரியதாயிற்று. சிப்பாய், தளபதி என்று பதவி பார்க்காமல் கொடுத்ததும் இந்த விருதின் சிறப்பு. அதற்கு ஓராண்டு முன்புதான், 1812 மார்ச்சில், பிரஷ்ய யூதர்களுக்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. குடிமகனான கையோடு அவர்களும் போருக்குப் போனார்கள்.

1914-ல் இந்த விருது மறுபடி உயிர்பெற்றது. அந்தச் சிலுவை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அகலம் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல். ஒரே உலோகத் துண்டு போலத் தெரிந்தாலும் மூன்று பாகங்கள். நடுவில் கறுப்பு பூசிய இரும்புத் தகடு. அதன்மேல் கிரீடம், பேரரசர் வில்ஹெல்மின் முதலெழுத்து, 1914 என்ற ஆண்டு. முன்னும் பின்னும் இரண்டு வெள்ளிச் சட்டங்கள் இரும்பைக் கவ்விப் பிடித்திருக்கும். சட்டத்தின் ஓரத்தில் நுண்ணிய முத்து வரிசை. விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், இரண்டு சட்டங்களையும் பற்றவைத்த கோடு மயிரிழை போலத் தெரியும். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் நடுத்தகடு இழுபடும்.

முதல் வகுப்புச் சிலுவையை ஊக்கால் மார்பில் குத்திக்கொள்வார்கள். இரண்டாம் வகுப்பு நாடாவில் தொங்கும். நாடாவின் நிறத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். போர்முனையில் நின்றவருக்குக் கறுப்பு நாடாவில் வெள்ளைக் கோடுகள்; போர்முனைக்கு வெளியே பணி செய்தவருக்கு வெள்ளை நாடாவில் கறுப்புக் கோடுகள்.

இந்த நிற வேறுபாடு ஏன் முக்கியம்? யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் நழுவுகிறார்கள் என்று அந்நாளில் ஒரு பழி கிளம்பியது. 1916 அக்டோபரில் பிரஷ்யப் போர் அமைச்சகம் ராணுவத்தில் உள்ள யூதர்களைத் தனியாகக் கணக்கெடுக்க உத்தரவிட்டது. போர் நடந்தவரை முடிவை வெளியிடவே இல்லை. பதுங்குகுழியில் கிடந்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறு இருக்க முடியாது. கறுப்பு நாடா அந்தப் பழிக்கு நேரடிப் பதில். அந்தப் போரில் இரும்புச் சிலுவை பெற்ற யூதர்கள் சுமார் 18,000 பேர். ஹிட்லருக்கு முதல் வகுப்புச் சிலுவை கிடைக்கப் பரிந்துரைத்த அதிகாரி ஹூகோ குட்மனும் யூதர்தான்.

ஆனால் சிலுவையில் யார் பெயரும் பொறிப்பதில்லை. இரண்டாம் வகுப்பு மட்டும் சுமார் ஐம்பது லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. எல்லாம் ஒரே வடிவம். யாருடையது என்று சொல்வது கூடவே இருக்கும் தாள்தான். பெயர், பதவி, படைப்பிரிவு, வழங்கிய நாள், அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. பக்கத்தில் ராணுவப் பதிவுப் புத்தகமும் இருந்தால் எந்தப் போரில் நின்றார், எங்கே காயம்பட்டார் என்பது வரை படிக்கலாம்.

இந்தத் தாளையும் சிலுவையையும் குடும்பங்கள் பொத்திப் பொத்தி வைத்ததற்குக் காரணம் உண்டு. 1933 ஏப்ரல் 1 அன்று நாஜிகள் யூதக் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னபோது, கொலோன் நகரில் ரிச்சர்ட் ஷ்டெர்ன் என்பவர் தம் கடைவாசலில், காவலுக்கு நின்ற நாஜிப் படையாள் பக்கத்திலேயே, இரும்புச் சிலுவையைக் குத்திக்கொண்டு நின்றார். அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அவர் பிறகு அமெரிக்காவுக்குத் தப்பி, அந்நாட்டு ராணுவத்தில் சேர்ந்து வெள்ளி நட்சத்திரப் பதக்கமும் பெற்றார். அதே 1933 ஏப்ரலில் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கிய சட்டம், போர்முனை வீரர்களுக்கு விலக்கு அளித்தது. தாள் இருந்தால் வேலை தங்கும். 1935-ல் அந்த விலக்கும் போயிற்று.

பெட்டியில் வாள்கள் குறுக்கிட்ட வெண்கல நிறச் சிலுவை இன்னொன்று இருந்தால், அது 1934-ல் ஏற்படுத்திய போர் வீரர் நினைவு விருது. யூத வீரர்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். சான்றிதழில் இருப்பதோ ஹிட்லரின் பதவிப் பெயர். அதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. 1942 ஜனவரியில், யூதர்களை ஒழிக்க நாஜிகள் திட்டமிட்ட வான்ஸே கூட்டத்தில், முதல் வகுப்புச் சிலுவை பெற்ற யூதர்களை தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்புவது என்று குறித்தார்கள். அங்கிருந்து பலர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ஏற்றப்பட்டார்கள்.

1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் நகரில் விழுந்த குண்டுகளில் பிரஷ்ய ராணுவ ஆவணக் காப்பகம் எரிந்துபோனது. பிரஷ்யப் படையில் இருந்த பலரைப் பற்றிய ராணுவப் பதிவுகள் அதோடு சாம்பலாயின. பேரன் வீட்டு பீரோவில் இருக்கும் தாள் அதனால்தான் ஆவணம் ஆகிறது. பெர்லின் யூத அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் லியோ பேக் நிறுவனத்திலும் இப்படிக் குடும்பங்கள் கொடுத்தவை சேர்ந்திருக்கின்றன.

இப்படிப்பட்ட பெட்டி எந்த வீட்டில் இருந்தாலும் சொல்ல ஒன்று உண்டு. பதக்கத்தைப் புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்க்காதீர்கள். கறுப்புப் பூச்சு போய்விட்டால் திரும்பாது. வியர்வைக் கையால் தொடாதீர்கள், இரும்பு துருப்பிடிக்கும். தாளையும் பதக்கத்தையும் அண்ணன் தம்பிக்கென்று பிரிக்காதீர்கள். யாருடையது, எந்தப் படை, யார் சொல்லித் தெரியும் என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி, இன்றே அந்தப் பெட்டிக்குள் வையுங்கள்.