சுற்றுமடலும் சம்பளத் துண்டும்

2025 மே மாதம் புதிய திருத்தந்தை பதினான்காம் லியோ என்று பெயர் சூடியதும், பதின்மூன்றாம் லியோவின் 'ரேரும் நோவாரும்' மடலுக்குத் திடீர் மவுசு வந்துவிட்டது. தொழிலாளரின் நிலை பற்றி 1891இல் வெளியான மடல் அது. அதே லியோதான் 1893இல் கண்டியில் பாப்பரசர் குருமடத்தையும் நிறுவினார். தேயிலைத் தோட்டங்கள் உள்ள மாத்தளை அந்தக் கண்டி மறைமாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. குருமடம் 1955இல் புனேக்குப் போய்விட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் போகவில்லை.

வேறு வழியில்லாமலோ பயத்தாலோ ஒருவன் குறைந்த கூலிக்குத் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று சொல்லாதே, அவனுக்கு அநீதி நடந்திருக்கிறது என்கிறது மடல். மாத்தளையில் ரத்தோட்டைப் பக்கம் கொழுந்து எடுக்கும் அக்காவுக்கு இதற்கு உரைநூல் வேண்டாம். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், அவ்வளவுதான். வருடக்கணக்காகக் கேட்ட நாட்சம்பளம் 1,000 ரூபாய் 2021இல் கிடைத்தது. அடுத்த வருடமே நாடு வங்குரோத்தாகி, மா விலை அதை விழுங்கிவிட்டது. 1,350 ஆனது 2024இல். ஒரு பொருளாதாரம் நீதியானதா என்று உரைத்துப் பார்க்கக் கூலியே கல் என்று இரண்டாம் யோவான் பவுல் 1981இல் எழுதியது இந்த மலைக்குத்தான் பொருந்தும்.

திருச்சபையின் இந்தச் சமூகப் படிப்பினையை மலைக்கு இறக்கியவர் என்றால் இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸைச் சொல்ல வேண்டும். 1972இல் கண்டியில் 'சத்யோதய'வைத் தொடங்கி, சிங்களவரையும் தமிழரையும் ஒரே கூரைக்குக் கீழ் சேர்த்தார். நாடற்றவர் என்று தள்ளிவைக்கப்பட்ட தோட்ட மக்களின் குடியுரிமை, கூலி, குடியிருப்பு எல்லாம் அங்கே படிப்பும் வேலையுமாக இருந்தன. சாமிமார் சங்க வேலை பார்க்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு, கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

என் பயம் வேறு. இந்தப் படிப்பினை வகுப்பு நடக்கும் மண்டபத்தோடு முடிந்துவிடும். பதாகை, கோப்பு, சுவரில் 'மனித மாண்பு', மத்தியானம் சோற்றுப் பார்சல், மாலையில் சான்றிதழ், குழுப்படம். கஷ்டம் வந்தால் உலர் உணவுப் பொதி. பொதி கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் பொதி வாங்குகிறவர் ஏன் வருடா வருடம் அதே வரிசையில் நிற்கிறார் என்று மண்டபத்தில் யாரும் கேட்பதில்லை. பார், தீர்ப்பிடு, செயல்படு என்ற மூன்று படிமுறையை இருபத்துமூன்றாம் யோவான் 1961இலேயே ஏற்றுக்கொண்டார். நாம் முதல் படியைத் தாண்டி இரண்டாவதில் உட்கார்ந்துவிடுகிறோம். பார்ப்பதென்றால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே பதாகை கட்ட இடமில்லை.

வகுப்பைச் சம்பள வாரத்தில் வையுங்கள். ஆளுக்கொரு சம்பளத் துண்டோடு வரட்டும். முற்பணம், சங்கச் சந்தா, கோயில் காசு, தேயிலைத்தூள், டோபி, பாபர் என்று ஒவ்வொரு பிடிப்பாக வாசிக்கட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளையே கூட்டிக் கழித்துவிடும். சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிப்பது 8 வீதம். தோட்டம் போட வேண்டியது 12 வீதம். இரண்டும் கணக்கில் போய்ச் சேர்ந்ததா என்று தொழில் திணைக்களத்தில் கேட்டு எழுதும் கடிதத்தை அங்கேயே, அந்த மேசையிலேயே எழுதி முடிக்கலாம்.