உதைத்தவனையே உதைக்கும் புல்லட்!
பலம் வேண்டாம், பக்குவம் போதும்!

காலை 9 மணி. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் அப்பா காலத்து புல்லட். காலில் ரப்பர் செருப்பு. ஓங்கி ஒரு உதை!

"டப்" என்று ஒரு சத்தம். என்ஜின் கிளம்பவில்லை. கிக்கர்தான் கிளம்பியது! போன வேகத்தில் திரும்பி வந்து கணுக்காலில் ஒரே போடு. ஆசாமி காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆபீசுக்குப் போக வேண்டியவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இது புதுக் கதை அல்ல. "திருப்பி அடிச்சிடுச்சு" என்பார்கள். வீக்கத்தோடு போனால் அதிர்ஷ்டம். எலும்பு விரிசல் விட்டால் வாரக்கணக்கில் கட்டு. குமாஸ்தாவுக்கு லீவு போச்சு. கடைக்காரருக்கு வியாபாரம் போச்சு!

இத்தனைக்கும் புல்லட்டைக் கிளப்ப பயில்வான் தேவை இல்லை. சூட்சுமம் தெரிந்தால் ஒல்லிப்பிச்சானும் கிளப்பலாம்.

திருவொற்றியூர் தோட்டா

"புல்லட்" என்ற பெயர் இங்கிலாந்தில் 1932-ல் வந்தது. 1955-ல் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டும், மெட்ராஸ் மோட்டார்சும் கூட்டுச் சேர்ந்தன. என்பீல்டு இந்தியா பிறந்தது. முதலில் பாகங்கள் இங்கிலாந்தில் இருந்து வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூரிலேயே முழு வண்டியும் தயாரானது.

1970-ல் இங்கிலாந்துக்காரர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். சென்னைக்காரர்கள் கட்டவில்லை!

2023-ல் வந்த புதிய புல்லட் 350-ல் கிக்கரே கிடையாது. பட்டனை அமுக்கினால் போதும். ஆனால், பழைய வண்டிகள் இன்னும் தெருவில் ஓடுகின்றன. அப்பா ஓட்டியதை இப்போது பிள்ளை ஓட்டுகிறான். வண்டியைக் கொடுத்த அப்பா, வித்தையைக் கொடுக்க மறந்துவிட்டார். அங்கேதான் வினை!

ஏன் திருப்பி அடிக்கிறது?

பழைய புல்லட் 346 சி.சி. ஒரே சிலிண்டர். அதன் குறுக்களவு 70 மில்லி மீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லி மீட்டர்.

பிஸ்டன் மேலே ஏறும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியை அமுக்குகிறது. அது உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே பிளக்கில் பொறி விழும். பிஸ்டன் வேகமாக வந்தால் உச்சியைத் தாண்டிவிடும். வெடி அதைக் கீழே தள்ளும். வண்டி கிளம்பும்.

அரை மனசாக மிதித்தால்? உச்சியைத் தாண்டும் முன்பே வெடி வந்து, பிஸ்டனை வந்த வழியே துரத்தும். என்ஜின் தலைகீழாகச் சுற்றும். அந்த வேகம் முழுவதும் கிக்கருக்கு வரும். கிக்கரில் இருப்பது உங்கள் கால்!

முள் சொல்லும் ரகசியம்

முதலில் வண்டியை நடு ஸ்டாண்டில் போடுங்கள். பக்க ஸ்டாண்டில் சாய்த்து உதைக்காதீர்கள். நியூட்ரலா என்று பாருங்கள். என்ஜின் குளிர்ந்திருந்தால் சோக் போடுங்கள். ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே உதைக்க வேண்டாம்.

சாவியைத் திருப்புங்கள். ஹெட்லைட் தலையில் உள்ள ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். உதைக்கக் கூடாது, அழுத்தத்தான் வேண்டும். முள் மைனஸ் பக்கம் சாயும். ஒரு இடத்தில் கிக்கர் கல் மாதிரி நிற்கும். அதுதான் அமுக்கம்.

இப்போது இடது கைப்பிடியில் இருக்கும் சின்ன லீவரைப் பிடியுங்கள். அதுதான் டீகம்ப்ரஸர். உள்ளே அடைபட்ட காற்று "புஸ்" என்று வெளியேறும். கிக்கரை இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். முள் நடுவுக்கு வரும் நொடியில்தான் பொறி விழும். ஆகவே, அதுவரை லீவரை விடவே கூடாது.

பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிட்டது. லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வர விடுங்கள். இனி உதைக்கலாம்!

அடுத்த அமுக்கம் வருவதற்குள் என்ஜினுக்கு ஏறத்தாழ இரண்டு சுற்று இடம் இருக்கிறது. அதற்குள் உள்ளே உள்ள கனமான சக்கரம் வேகம் பிடித்துவிடும். அந்த வேகமே பிஸ்டனை உச்சிக்கு மேல் தூக்கிப் போட்டுவிடும். வேலை செய்வது சக்கரம். உங்கள் தொடை அல்ல!

கால் பத்திரம்!

செருப்பு வேண்டாம். குதிகால் உள்ள ஷூ போடுங்கள். செருப்பு வழுக்கினால் கிக்கர் முன்னங்காலைப் பதம் பார்க்கும். தொங்கும் வேட்டி, லுங்கியும் ஆபத்து. மடித்துக் கட்டுங்கள்.

முழங்காலை விறைப்பாக வைக்காதீர்கள். லேசாக மடங்கி இருக்கட்டும். விறைத்த காலில் திருப்பி அடித்தால் அடி முழுவதும் மூட்டில் இறங்கும். உடம்பு எடையைப் போட்டு, கிக்கர் அடி தொடும்வரை ஒரே மிதி. பாதியில் தயங்கக் கூடாது. தயங்கினவன்தான் அடி வாங்குவான்!

நாலு மிதிக்கும் கிளம்பவில்லையா? பெட்ரோல் ரொம்பி இருக்கலாம். சாவியை அணையுங்கள். சோக்கை எடுத்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, டீகம்ப்ரஸரைப் பிடித்தபடி ஐந்தாறு மிதி மிதியுங்கள். உள்ளே காய்ந்துவிடும். பிறகு முதலில் இருந்து தொடங்குங்கள். கோபத்தில் ஏழாவது, எட்டாவது உதை வேண்டாம். கால் களைத்த பிறகு விழும் உதைதான் அரைகுறை உதை!

ஒழுங்காக மிதித்தும் அடிக்கடி திருப்பி அடித்தால் குற்றம் உங்கள் மேல் இல்லை. டைமிங் முந்திப் போயிருக்கும். அல்லது டைமிங்கைத் தானாக மாற்றும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மெக்கானிக்கிடம் போங்கள். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லி மீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடி பட்டுவிட்டதா? வீங்கி, கால் ஊன்ற முடியவில்லை என்றால் எண்ணெய் தடவி நீவாதீர்கள். எக்ஸ்ரே எடுங்கள்.

முள் பார்த்து, லீவர் பிடித்து, ஷூ மாட்டி மிதிக்க ஒரு நிமிடம் ஆகலாம். ஆபீசுக்கு ஒரு நிமிடம் தாமதமாகப் போனால் போகிறது. இரண்டு காலோடு போக வேண்டாமா?