பெரிதாகும் எழுத்துகள்

இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெறும் ஒருவர் பெரும்பாலும் வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஊசி ஏற்றிய கையை மடக்கக் கூடாது. எஞ்சிய ஒரு கையால் தடித்த புதினத்தைத் தூக்கிப் பிடித்துப் பக்கமும் புரட்டுவது எளிதன்று. எங்கள் நோயாளர்கள் மின்விசிறியைப் பார்த்தபடியே கிடந்ததன் காரணத்தை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

அலைபேசியை வார்டின் அமைதிக்குப் பகை என்று எண்ணியிருந்தவன் நான். அவ்வெண்ணத்தை மாற்றியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் இணையத்தில் இலவசமாக வழங்கும் பழந்தமிழ் நூல்களை அவர் ஒற்றைக் கையால் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலுக்கும் பொருள் சொல்வார், கேட்டாலும் கேட்காவிட்டாலும்!

படிப்பு மட்டுமன்று. ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி எழுபது வயதைக் கடந்த பின்னர் ஐபோனில் விரலால் வரையத் தொடங்கினார். திரையே ஒளி தருவதால், விளக்கேற்றாமல் படுக்கையிலிருந்தே விடியலை வரைந்து நண்பர்களுக்கு அனுப்பினார். 2020இல் நார்மண்டியின் வசந்தத்தை ஐபேடில் வரைந்தார். அவ்வோவியங்கள் மறு ஆண்டு இலண்டன் ராயல் அகாதெமியில் காட்சிக்கு வைக்கப்பட்டன. எங்கள் பிரிவில் ஓர் இளைஞர் எதிர்க்கட்டிலின் குழாய்களை வரைகிறார். சிவப்பு வண்ணத்தில் அவருக்கு இப்போது நல்ல தேர்ச்சி.

ஆசிரியரிடம் திரும்புகிறேன். ஒரு நாள் அவருடைய திரையில் வரிக்கு இரண்டே சொற்கள் தெரிந்தன. "பெரிதாக்கினால் நன்றாகத் தெரிகிறது, டாக்டர்" என்றார். அச்சு நூலாக இருந்திருந்தால், எழுத்து மங்கிய அன்றே முறையிட்டிருப்பார். இரு விரல்களால் எழுத்தை விரிக்க முடிந்ததால், பார்வை குறைவதை அவரும் உணரவில்லை. அன்றாடம் அருகில் நின்ற நானும் கேட்கவில்லை. நீரிழிவினால் விழித்திரையில் இரத்தம் கசிந்திருந்தது. லேசர் சிகிச்சையால் இடக்கண் காப்பாற்றப்பட்டது. வலக்கண்ணில் இழந்த பார்வை முழுமையாக மீளவில்லை.

ஆகவே, குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவரின் அலைபேசியில் எழுத்தின் அளவு கூடிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். கரும்புள்ளிகள் மிதந்தாலோ, நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தொடக்க நிலையில் இந்நோய் எவ்வறிகுறியும் காட்டுவதில்லை.

ஆசிரியர் இப்போது, நூலை உரக்கப் படித்துக்காட்டும் செயலியைக் காதொலிப்பானில் கேட்கிறார். அக்குரல் சீர் பிரிக்கத் தெரியாமல் வெண்பாவை உரைநடைபோல் படிக்கிறது என்பது அவருடைய மனக்குறை. அதைத் திருத்திச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்துவிடுகிறது. செவிலியர் வந்து அமைதிப்படுத்த வேண்டியிருக்கிறது.