சேலம் 'சலேம்' ஆன கதை

சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கம்ப்யூட்டரில் தெரியும் சில தேசப்படங்களில் உங்கள் ஊரின் பெயர் பல வருஷ காலம் 'சலேம்' என்று காட்சியளித்து வந்திருக்கிறது. தமிழ் தெரியாத யாரோ செய்த விஷமம் என்று நினைத்துவிட வேண்டாம். பெயரை எழுதியவர் 'சேலம்' என்றுதான் எழுதினார். பிழையில்லாமல், சுத்தமாக எழுதினார். யந்திரம்தான் அதைச் 'சலேம்' ஆக்கிற்று. பக்கத்து ஊரான நாமக்கல்லுக்கோ ஓர் ஆபத்தும் நேரவில்லை. அதே படத்தில் அது நாமக்கல்லாகவே உட்கார்ந்திருந்தது. ஆஞ்சநேயர் மகிமை என்று சிலர் சொல்லக்கூடும். விஷயம் கொம்பில் இருக்கிறது.

பழைய அச்சகத்தில் எழுத்துக் கோப்பவரை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 'சே' வேண்டுமென்றால் அவர் முதலில் இரட்டைக் கொம்பை எடுத்து வைப்பார். அப்புறம் 'ச'வை எடுப்பார். கண்ணுக்குத் தெரிகிற வரிசை அது. கம்ப்யூட்டர்கள் கைக்கொண்டிருக்கும் யூனிகோட் முறையிலோ வாயால் சொல்லுகிற வரிசை. அதில் 'ச' முந்தி வரும். கொம்பு பின்னால் வரும். திரையில் காட்டும்போது அந்தக் கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது, படத்தைக் காட்டும் நிரலின் பொறுப்பு. நிரல் எழுதியவர் ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, வந்த எழுத்தை வந்த வரிசையிலேயே அடுக்கிவிட்டால் என்ன ஆகும்? கொம்பு 'ல'வுக்கு முன்னால் போய் நிற்கும். படிக்கிறவருக்குச் 'சலேம்'! மேட்டூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் இதே கதிதான். நாமக்கல்லில் கொம்பே கிடையாது. ஒரே ஒரு கால்தான். கால் எப்போதும் எழுத்துக்குப் பின்னால் வருவது வழக்கமாதலால் அந்த ஊர் தப்பித்தது.

இம்மாதிரி ஒரு பிசகு பெரிய கம்பெனி ஒன்றின் படத்தில் இருந்தால் நாம் என்ன செய்ய முடியும்? விண்ணப்பம் போடலாம், பதில் வரும் என்று காத்திருக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்த படத்துக்கு முதலாளி கிடையாது. அதன் பெயர் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்'. யார் வேண்டுமானாலும் அதில் கோடு போடலாம், பெயர் எழுதலாம், பிறர் எழுதியதைத் திருத்தலாம், பிரதி எடுத்துக்கொண்டு போய் உபயோகிக்கலாம். அதை வரைவதற்கு வேண்டிய கருவிகளும், காட்டுவதற்கு வேண்டிய நிரல்களும் பெரும்பாலும் அப்படியேதான். இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்ற சூத்திரத்தைப் பூட்டி வைக்காமல் பகிரங்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். 'திறந்த மூலம்' என்று இதைச் சொல்லுகிறார்கள்.

ஆரம்பித்தவர் ஸ்டீவ் கோஸ்ட் என்ற ஆங்கிலேய வாலிபர். 2004-ஆம் வருஷம் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் மாணவராக இருந்தார். மக்கள் வரிப் பணத்தில் பிரிட்டிஷ் சர்வே இலாகா தயாரித்த படத் தகவல்களை, அந்த மக்களே மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. நாமே நடந்து, சைக்கிளில் சுற்றி, ஜி.பி.எஸ். கருவியால் அளந்து ஒரு படம் போட்டுவிட்டால் என்ன என்று கிளம்பினார். பைத்தியக்காரத்தனம் என்றுதான் அன்றைக்குத் தோன்றியிருக்கும். இன்று அந்த ஏட்டில் பெயர் பதிந்துகொண்டவர்கள் ஒரு கோடிக்கும் மேல். பதிந்தவர்கள் எல்லாரும் வேலை செய்கிறார்களா என்றால், அது வேறு சமாசாரம். நம் ஊர்ச் சங்கங்களில் எத்தனை அங்கத்தினர், கூட்டத்துக்கு வருகிறவர் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாதா?

தேசப்படத்துக்கும் இந்தச் சேலம், நாமக்கல் சமவெளிக்கும் உள்ள சம்பந்தம் புதிதல்ல. 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய மகா சர்வே இருக்கிறதே, அதன் முதுகெலும்பு 78-ஆவது தீர்க்க ரேகையை ஒட்டியே கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை போயிற்று. அந்த ரேகை ஓமலூருக்குச் சற்று மேற்கே இறங்கி, பரமத்தி வேலூர் பக்கமாகக் காவேரியைத் தாண்டுகிறது. அரை டன் எடையுள்ள கோணமானியைத் தூக்கிக்கொண்டு, குன்றுக்குக் குன்று ஏறி, கொடி நட்டு, முக்கோணம் முக்கோணமாக அளந்தார்கள். கணக்கு அற்புதம், சந்தேகமில்லை. ஆனால் படம் யாருக்காக? ராஜாங்கத்துக்காக. மலையின் உயரம் அங்குலக் கணக்கில் தெரிந்தது. அதன் அடிவாரத்தில் குடியிருந்தவனுக்குப் படத்தைக் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இந்தப் புதிய படத்தை எப்படி வரைகிறார்கள் என்று கொஞ்சம் சொல்லுகிறேன். சங்கதி நம் வீட்டுக் கோலத்தைப் போலத்தான். முதலில் புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோடு சுற்றி வந்து தொடங்கிய புள்ளியிலேயே முடிந்தால் ஒரு பரப்பு. இவ்வளவும் போட்ட பிறகு, இது இன்னது என்று ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு வளைந்த கோட்டைப் போட்டு, 'நீர்நிலை' என்று ஒரு சீட்டும், 'மூக்கனேரி' என்று ஒரு சீட்டும் ஒட்டினால் ஏரி தயார். செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போட்டு, குடியிருப்புத் தெரு, ஒருவழிப் பாதை, தார் போட்டது என்று மூன்று சீட்டு ஒட்டலாம்.

கருவிகளிலும் ரகம் உண்டு. 2005-இல் பிறந்த 'ஜோஸம்' என்ற நிரல், தேர்ந்த தச்சரின் உளிப்பெட்டி மாதிரி. எல்லாம் இருக்கும், புதியவனுக்குக் கை வெட்டும். 2013-இல் வந்த 'ஐடி' என்பதை இணையப் பக்கத்திலேயே திறந்து, ஆகாயத்திலிருந்து எடுத்த போட்டோவின் மேல் கோடு போட்டுக்கொண்டே போகலாம். (அந்தப் போட்டோக்களைப் பார்த்து வரைய மைக்ரோஸாப்ட் கம்பெனி 2010-இல் அனுமதி கொடுத்தது ஒரு பெரிய உபகாரம். கூகிள் படத்தைப் பார்த்துக் காப்பியடிப்பது மட்டும் இங்கே மகா பாவம், பிடிபட்டால் அழித்துவிடுவார்கள்.) எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்ட்ரீட் கம்ப்ளீட்' என்ற செல்போன் நிரல். அது நம்மைக் கோடு போடவே சொல்லுவதில்லை. நாம் தெருவில் நடந்து போகும்போது, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரைப் போல் கேள்வி மட்டும் கேட்கும். "இந்தத் தெருவுக்குப் பெயர் என்ன? இங்கே விளக்கு உண்டா? ரோடு மண்ணா, தாரா?" பதிலைத் தட்டினால் படத்தில் ஏறிவிடுகிறது. மளிகை வாங்கப் போன அம்மாளே போகிற வழியில் நாலு கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

ஆகாயப் போட்டோ இருக்கும்போது ஊர்க்காரன் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு நாள் ராசிபுரத்திலிருந்து உள்ளே தள்ளிப் போய்ப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர்ச் சீமை மாதிரி வீடுகள் எல்லாம் ஒரே தெருவாகச் சேர்ந்திருப்பது இங்கே பாதிதான். மீதி, மரவள்ளிக் காட்டுக்கும் சோளக் காட்டுக்கும் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காட்டுக்கொட்டாய்கள்; நாலைந்து வீடு சேர்ந்தால் ஒரு வளவு. ஒவ்வொரு வளவுக்கும் ஒரு பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்குத் தெரியும். பால் எடுக்க வருகிறவருக்குத் தெரியும். ஆகாயத்திலிருந்து பார்த்தால் நாலு கூரையும் ஒரு வண்டித்தடமும்தான் தெரியும். கூரையின் மேல் பெயர் எழுதியிருக்கிறதா, என்ன? ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிரசவ வலி கண்டு வண்டிக்குச் சொல்லியனுப்பினால், "ஏரிக்கரை ஏறி, வேப்பமரத்துக்கிட்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்றுதான் வழி சொல்ல வேண்டியிருக்கிறது. டிரைவர் வெளியூர்க்காரராயிருந்தால் எந்த வேப்பமரம் என்று தேடுவார்? வளவின் பெயரும் அந்த வண்டித்தடமும் படத்தில் ஏறுவதற்கு ஊர்ப் பையன் ஒருவனின் அரை மணி நேரம் போதும்.

நாமக்கல்லுக்கு வேறொரு வகையில் இது பயன்படும். லாரிக்கும் பாடி கட்டுவதற்கும் பெயர்போன ஊர். சாதாரணச் செல்போன் படம் காருக்கு வழி சொல்லும், டிரெயிலருக்குச் சொல்லாது. காரில் போகிறவனுக்கு ரயில் பாலத்தின் அடியில் எவ்வளவு இடைவெளி இருந்தால் என்ன? லாரிக்காரருக்கு அதுதான் உயிர் பிரச்னை. முட்டிக்கொண்டு நின்றால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. பின்னால் வந்த பஸ்காரர்கள் சொல்லும் ஆசீர்வாதங்களை இங்கே அச்சிடுவதற்கில்லை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் பாலத்தின் உயரத்துக்கு ஒரு சீட்டு, எடை வரம்புக்கு ஒரு சீட்டு, கனரக வண்டி போகலாமா என்பதற்கு ஒரு சீட்டு என்று தனித்தனியாக உண்டு. அந்தச் சீட்டுகளைப் படித்து லாரிக்கென்றே வழி கணிக்கும் 'வல்ஹல்லா' என்ற நிரலும் இருக்கிறது. அதுவும் திறந்த மூலம்தான். வண்டியின் உயரம், எடை, நீளம் சொன்னால் தோதான பாதையைத் தேடித் தரும். ஆனால் பாலத்தில் எழுதியிருக்கும் அளவை யாராவது படத்தில் ஏற்றியிருந்தால்தானே? இந்தியா முழுவதும் சுற்றி வந்த டிரைவர்களின் தலைக்குள் இருக்கும் பாலங்கள் படத்தில் எத்தனை வந்திருக்கின்றன என்று பார்த்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

"யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் யாராவது குறும்பு செய்ய மாட்டானா?" என்று கேட்பீர்கள். செய்கிறார்கள். காதலியின் பெயரில் ஏரி வெட்டியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது ஒன்று விடாமல் ஏட்டில் நிற்கிறது. அடுத்த ஊர்க்காரர் பார்த்துப் பழையபடி ஆக்கிவிடலாம். ஆட்கள் நிறைய இருக்கிற பட்டணத்தில் குறும்பு சீக்கிரம் அகப்பட்டுவிடும்; ஆள் இல்லாத கிராமத்தில் மாதக் கணக்கில் நிற்கவும் கூடும். அந்தக் குறையை மறைப்பதற்கில்லை.

சென்னைக்காரர்களுக்கு இதன் அருமை 2015 டிசம்பரில் தெரிந்தது. வெள்ளத்தில் எந்தத் தெரு மூழ்கியிருக்கிறது, எது நடமாடத் தக்கது என்று யாருக்கும் தெரியாத அந்த நாட்களில், மேப்பாக்ஸ் கம்பெனியைச் சேர்ந்த அருண் கணேஷும் நண்பர்களும் ஒரு படத்தை இணையத்தில் வைத்தார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தத் தெருவைத் தொட்டுக் காட்ட வேண்டியதுதான். சில நாட்களில் ஆயிரக்கணக்கான தெருக்கள் குறிக்கப்பட்டன. தொடுவதற்குத் தெரு என்று ஒன்று படத்தில் இருந்ததால் அல்லவா இது முடிந்தது? அதற்கு முன் வருஷக் கணக்கில் முகம் தெரியாத பலர் சந்து சந்தாக வரைந்து வைத்திருந்தார்கள்.

அவ்வளவு நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2016 மே மாதம் மத்திய சர்க்கார் ஒரு நகல் மசோதாவை வெளியிட்டது. அனுமதியில்லாமல் பூகோளத் தகவல் திரட்டினாலோ பிரசுரித்தாலோ 100 கோடி ரூபாய் வரை அபராதம், 7 வருஷம் வரை சிறை! தெருவுக்குப் பெயர் எழுதிய காலேஜ் பையன்களுக்கு வயிற்றைக் கலக்கிற்று. நல்ல வேளையாக எதிர்ப்புக் கிளம்பி, அந்த மசோதா சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15-ஆம் தேதி வெளியான புதிய விதிமுறைகள், இந்தியர்கள் படம் தயாரிக்க முன் அனுமதி வேண்டியதில்லை என்று கதவைத் திறந்தன. பாதுகாப்பு சம்பந்தமான சில விஷயங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு வைத்தார்கள்.

இனி மறுபடியும் பெயருக்கு வருவோம். ஜப்பானில் இந்தப் படத்தைத் திறந்தால் ஊர்ப் பெயர் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். கிரீஸில் கிரேக்க எழுத்தில். நம் பக்கம் திறந்தால் முதலில் தெரிவது பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ்ப் பெயருக்கு வேறு ஒரு கட்டம் தந்திருக்கிறார்கள். அதை நிரப்பியிருந்தால், தமிழில் காட்டு என்று கேட்கிறவருக்குத் தமிழில் காட்டும். நிரப்பாத ஊர்களுக்கு ஆங்கிலமே கதி. ஆங்கில எழுத்தில் சங்ககிரி படும் பாட்டைப் பாருங்கள்: ஒரு பலகையில் 'சங்கரி', இன்னொன்றில் 'சங்ககிரி', ரயில் ஸ்டேஷனில் 'சங்கரி துர்க்'. தமிழ்க் கட்டத்தில் எழுதுவதற்கோ ஒரே பெயர்தான். இந்தக் கட்டத்தை நிரப்புவது நம் வேலை; வேறு யாரும் வந்து செய்யப் போவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

நிரப்பிய பிறகும் 'சலேம்' ஆகிவிட்டால்? அந்தச் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் சொந்தப் பக்கத்தில், படத்தைத் தலைமைக் கம்ப்யூட்டரிலேயே தீட்டி அனுப்புகிறார்கள். அங்கே எழுத்துக் கோக்கும் வேலையை 'ஹர்ஃப்பஸ்' என்ற கருவி பார்த்துக்கொள்கிறது. பாரசீக மொழியில் 'திறந்த எழுத்து' என்று அர்த்தமாம். அதற்கு நம் கொம்பு, கால், கொக்கி எல்லாம் அத்துப்படி. சிக்கல் வந்தது புதிய முறையில். எழுத்துக்களைத் தனித்தனியாக அனுப்பி, நம் செல்போனிலேயே படத்தைத் தீட்டுகிற முறை அது. அதில் பெயர்பெற்ற நிரல் ஒன்றை மேப்பாக்ஸ் கம்பெனி திறந்த மூலமாக வைத்திருந்து, 2020 டிசம்பரில் அடுத்த பதிப்பிலிருந்து பூட்டிவிட்டது. உடனே பலர் சேர்ந்து பழைய திறந்த பதிப்பை எடுத்துக்கொண்டு 'மேப்லிப்ரே' என்ற பெயரில் தனிக் குடித்தனம் தொடங்கினார்கள். கொம்புத் தகராறும் சீதனமாகக் கூடவே வந்தது.

அதைத் தீர்க்கும் வேலையைப் பல தேசத்தவர் பகிரங்கமாகச் செய்துவருகிறார்கள். இந்திக்கும் பர்மிய மொழிக்கும் கெமருக்கும் இதே சங்கடம் இருப்பதால் கூட்டாளிகளுக்குக் குறைவில்லை. நம் பக்கத்திலிருந்து அவர்களுக்கு வேண்டியது நிரல் எழுதும் சாமர்த்தியம் மட்டுமல்ல. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது; திரையில் வந்திருப்பது சேலமா சலேமா என்று அவர்கள் எப்படிச் சொல்லுவார்கள்? சேலம், மேட்டூர், சேந்தமங்கலம், கொல்லிமலை என்று நாலு பெயர்களைப் போட்டுப் பார்த்து, வந்ததைப் படம் பிடித்து, பக்கத்திலேயே சரியான வடிவத்தையும் எழுதி அனுப்பினால் போதும். நாமக்கல்லை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதிவிடாதீர்கள்!